அய்யாத்துரை பூசிய சுவர்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடனுக்கு நாற்பத்தேழு. குரு என்றால் நரைத்த தாடி வேண்டாமா என்று யாராவது கேட்டால், இருந்தது, சீடனிடம் இருந்தது என்று சொல்லிவிடலாம். குருவிடம் இருந்ததெல்லாம் ஒரு பெரிய மானிட்டர், ஒரு கீறல் விழுந்த மேசை, எதற்கும் கோபப்படாத ஒரு முகம்.

குருவின் பெயர் தாஹிரா. கீழக்கரைப் பெண். சென்னை அரும்பாக்கத்தில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய வீடியோ கேம் கம்பெனியில் டெக்ஸ்சர் பிரிவுக்கு அவள்தான் தலைவி. கம்ப்யூட்டரில் கட்டுகிற வீடும் தெருவும் கோட்டையும் முதலில் சோப்புக்கட்டி மாதிரி மொழுமொழுவென்றுதான் இருக்கும். அவற்றின் மேல் செங்கல், காரை, பாசி, மரம் என்று தோல் போர்த்த வேண்டும். அந்தத் தோலுக்குத்தான் டெக்ஸ்சர் என்று பெயர்.

சீடன் அய்யாத்துரை, கோவில்பட்டியில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தவர். போட்டோஷாப்பில் அவர் கை பட்டால் மாப்பிள்ளையின் பரு மறையும், மாமியாரின் சுருக்கம் மறையும், மண்டபத்து மூலையில் கிடக்கும் எச்சில் இலைத் தொட்டி கூட மறைந்து அங்கே ஒரு ரோஜாப்பூ முளைக்கும். ஊரில் எல்லாரும் போனிலேயே பருவை மறைக்கக் கற்றுக்கொண்டதும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார்.

கம்பெனி அவரை ஒரு சுவருக்காக மட்டும் எடுத்தது. சுவர் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் கோவில்பட்டி பஸ். ஊரில் சலூன் முதல் டீக்கடை வரைக்கும் 'மெட்ராஸ்ல கேம் கம்பெனியில உத்தியோகம்' என்று முரசறைந்துவிட்டு வந்திருந்தார். தோற்றுத் திரும்பினால் எந்த ஆள் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு என்ன கேட்பான் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

சுவரின் கதை இது. விளையாட்டில் ஒரு கோட்டை வருகிறது. கோட்டைக்குள் நீளமான, குறுகலான ஒரு சந்து. நட்ட நடுப் பகலில் திருடன் ஒருவன் அந்தச் சந்து வழியாகத் தப்பி ஓட வேண்டும். அத்தனை நீளத்துக்கும் தனித்தனியாக வரைந்து வைத்தால் கம்ப்யூட்டர் தாங்காது. அதனால் ஒரு சதுரத் துண்டு மட்டும் செய்து, தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது போல அதையே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிச் சுவர் முழுவதையும் நிரப்ப வேண்டும். நிரப்பிய பிறகு, ஒட்டியது என்று யாருக்கும் தெரியக் கூடாது.

"இவ்வளவுதானா?" என்றார் அய்யாத்துரை.

"இவ்வளவுதான் அண்ணே" என்றாள் தாஹிரா.

முதல் துண்டை அவர் ரசித்து ரசித்துச் செய்தார். பழைய சுண்ணாம்புக் காரை. மழை வழிந்த கறை. நடுவில் காரை பெயர்ந்த இடத்தில் குதிரைத் தலை போல ஓர் உருவம். உற்றுப் பார்த்தால் பிடரி மயிர் கூடத் தெரிந்தது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்து, பலே என்றார்கள்.

"எப்படி டீச்சர்?"

"டீச்சர்னு கூப்பிடாதீங்க அண்ணே."

"சரி டீச்சர். எப்படி இருக்கு?"

"ஒண்ணு நல்லா இருக்கு. ஒட்டிப் பாருங்க."

ஒட்டினார். சுவர் நிரம்பியது. சுவர் முழுக்கக் கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் மட்டும் வட்டமாக வெளிச்சம். அவர் கட்டிய கோட்டை இட்லித் தட்டு போல இருந்தது. பலே சொன்னவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரவர் நாற்காலிக்குப் போய்விட்டார்கள்.

"இந்தக் கறுப்புக் கோட்ட நான் போடலையே" என்றார் அய்யாத்துரை.

தாஹிரா அவருடைய துண்டைத் திறந்து, படத்தைப் பாதி தூரம் வலப்பக்கமும் பாதி தூரம் கீழ்ப்பக்கமும் நகர்த்தினாள். வெளியே போன பாகம் எதிர்ப்பக்கமாக உள்ளே நுழைந்தது. குதிரை நாலாகப் பிய்ந்து மூலைக்கு ஒன்றாகப் போயிற்று. நாலு மூலைகளும் நடுவில் வந்து கூடின. கூடிய இடத்தில் கறுப்பாக ஒரு பெரிய கூட்டல் குறி நின்றது.

"இது என்ன அண்ணே?"

அவர் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஓரம்" என்றார்.

"ஓரத்துல என்ன பண்ணீங்க?"

"லேசாக் கறுப்பு ஏத்தியிருக்கேன். நான் எங்க ஏத்துனேன், கை ஏத்தியிருக்கு. ஆல்பத்துல ஓரத்தக் கறுத்துவிட்டாத்தான் பொண்ணு மாப்பிள்ள பளிச்சுன்னு நிப்பாக. அதுக்குன்னே ஒரு பட்டன் வச்சிருந்தேன் டீச்சர். ஓரத்த எவன் பாக்கப் போறான்?"

"இங்க ஓரம் எங்க இருக்கு?"

அய்யாத்துரை திரையின் ஓரத்தைக் காட்ட விரலை நீட்டினார். விரல் பாதியில் நின்றது. பிறகு மெதுவாக அந்தக் கூட்டல் குறிக்கு வந்தது.

"நடுவுல."

"அங்க உக்காந்து வேலை செய்யுங்க" என்று சொல்லிவிட்டுத் தாஹிரா எழுந்து போய்விட்டாள்.

முதல் காரியமாக அவர் அந்தப் பட்டனை அழித்தார். பிறகு அந்தக் கூட்டல் குறியில் குடியேறினார். இந்தக் கறையின் வாலை அந்தக் கறையின் தலையோடு சேர்த்தார். சேர்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி நகர்த்தினால் வேறொரு மூலையில் ஒரு கோடு முளைத்திருக்கும். அதைச் சேர்த்தார். மறுபடி நகர்த்தினார். மத்தியானம் அவருடைய மனைவி செல்லக்கனி ஊரிலிருந்து போன் செய்து, "செவரு எந்திரிச்சிருச்சா?" என்று கேட்டாள். "எந்திரிக்குது, எந்திரிக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஒரு வழியாகக் கோடு போயிற்று. ஒட்டிப் பார்த்தார். எங்கே எது முடிந்து எது தொடங்குகிறது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. இட்லித் தட்டு ஒழிந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து தனக்குத் தானே கை தட்டிக்கொண்டார்.

"டீச்சர், வாங்க! கோடு போச்சு!"

தாஹிரா மேசைக்கு வரவில்லை. அறையின் மறுகோடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இருந்தவள் அங்கிருந்தே பார்த்தாள்.

"இங்க வாங்க அண்ணே. என் பக்கத்துல நில்லுங்க."

போய் நின்றார்.

"என்ன தெரியுது?"

"குதிர."

"அப்புறம்?"

"இன்னொரு குதிர."

"அப்புறம்?"

வரிசையாகக் குதிரைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரே பிடரியோடு நின்றன.

"செவரு தெரியுதா?"

அது மட்டும் தெரியவில்லை. ஆனால் அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. "அதுக்காகக் குதிரய அழிக்கச் சொல்லுதீகளா? அதுதான தாயி இந்தச் செவத்துக்கு உசுரு!" என்று குரலை உயர்த்திவிட்டார். டீச்சர் தாயி ஆனதை அவரே கவனிக்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் தாஹிரா. "வாங்க, டீ குடிப்போம். ஊர்க் கதை ஏதாவது சொல்லுங்க. கல்யாண ஆல்பத்துல நடந்தது."

கதை சொல்லச் சொன்னால் அய்யாத்துரைக்குச் சுவரும் மறக்கும், கூரையும் மறக்கும். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு உற்சாகமாக ஆரம்பித்தார்.

"எங்க ஊர்ல எனக்கு எதிர்க்கட தங்கப்பழம்னு ஒருத்தன். ஒரு ரிசப்ஷனுக்கு அவன்தான் போட்டோ. அன்னைக்குப் பேய் மழை. மண்டபத்துல பாதி நாற்காலி காலி. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு மானப் பிரச்சனையாப் போச்சு. 'யோவ், ஆல்பத்துல மண்டபம் நெறஞ்சு இருக்கணும்'னுட்டாரு. தங்கப்பழம் லேசுப்பட்ட ஆளா? வந்திருந்த கூட்டத்த அப்படியே காப்பி எடுத்தான். காலி நாற்காலி இருந்த எடமெல்லாம் ஒட்டித் தள்ளிட்டான்."

"நெறஞ்சிடுச்சா?"

"நெறஞ்சு வழியுது! எல்லாருக்கும் சந்தோஷம். ஆல்பத்த விரிச்சு வச்சு சொந்தக்காரக எல்லாம் சுத்தி உக்காந்து பாக்காக. கூட்டத்துல மஞ்சச் சட்ட போட்ட ஒருத்தரு, ஆவுன்னு கொட்டாவி விடுறாரு. முன் வரிசையில விடுறாரு. பின் வரிசையில விடுறாரு. தூண்கிட்ட விடுறாரு. ஐஸ்கிரீம் கவுண்டர்ல விடுறாரு. அவரு சம்சாரம் பாத்துட்டு, 'ஏங்க, இதுல எது எங்க வீட்டுக்காரரு?'ன்னு கேட்டுச்சு பாருங்க..."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாஹிராவும் சிரித்துவிட்டாள்.

"தங்கப்பழம் மானம் கப்பலேறிப் போச்சு. நான் ஒரு வாரம் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

"ஏன் அண்ணே, கூட்டத்துல மத்தவங்களும் திரும்பத் திரும்பத்தானே வந்திருப்பாங்க?"

"வந்திருப்பாக. அவுகள எவன் கண்டான்? கண்ணுல அறையிறது அந்த மஞ்சச் சட்டதான..."

பேச்சு அங்கேயே நின்றது. டீ கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அவர் கழுத்தைத் திருப்பித் தன்னுடைய திரையைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் தாஹிரா.

"கத முடிஞ்சு போச்சு டீச்சர்."

டீயைக் குடிக்காமலே போய் உட்கார்ந்தார். குதிரையின் காதிலிருந்து தொடங்கினார். பிடரிக்கு வந்தபோது கொஞ்சம் தாமதித்தார். எத்தனையோ பேருடைய மூஞ்சியைத் தயங்காமல் அழித்துத் திருத்திய கைதான். இந்தக் குதிரையை அழிக்கும்போது அதற்கு வலித்தது. ஆனாலும் அழித்து முடித்தார்.

முடித்துவிட்டு ஒட்டிப் பார்த்தார். கோடு இல்லை, குதிரை இல்லை. சுவரும் இல்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி ஒன்று வெளிறிப் போய் நின்றது. அந்தச் சந்தில் திருடன் ஓடினால் அவன் எங்கே ஓடுகிறான் என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் சாயங்காலம் சுவர் தயாராக இருக்க வேண்டும். அதற்கடுத்த நாள் காலையில் விளையாட்டுக்கு முதல் போட்ட லூர்துநாதன் புதுச்சேரியிலிருந்து வந்து விளையாடிப் பார்க்கப் போகிறார். அய்யாத்துரைக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். விடுவிடுவென்று தாஹிராவின் மேசைக்குப் போனார்.

"ஓரத்த எடுக்கச் சொன்னீக, எடுத்தேன். நடுவ எடுத்தேன். அழக எடுத்தேன். செவரு செத்துப் போச்சு டீச்சர். இனி என்னத்த வைக்கச் சொல்லுதீக?"

"எனக்குத் தெரியலையே அண்ணே."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களே தெரியலன்னா எப்படி?"

"உங்க கடையில முகத்துல வேலை செஞ்சீங்கள்ல, அங்க என்ன வச்சீங்க?"

"அங்க எங்க வச்சேன்? எடுக்கத்தான் செஞ்சேன்."

"என்ன எடுத்தீங்க?"

"என்னத்தத்தான் எடுக்கல? பரு, மச்சம், அம்மைத் தழும்பு. மூக்கோரத்துல பொடிப்பொடியாக் குழி இருக்கும், அது. நெத்தியில சந்தனம் வச்சுக் காஞ்ச தடம். மோவாயில சவரக்கத்தி பட்ட கீறல். கன்னத்துல வேர்வ பூத்து மினுமினுன்னு இருக்குமே, அது. கண்ணுக்கடியில கறுப்பு. பொம்பளைக்கு மூக்குத்தி மாத்திக் குத்துன பழைய ஓட்டை..." சொல்லிக்கொண்டே போனார். நிறுத்த முடியவில்லை. ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

தாஹிரா முழுவதையும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

அய்யாத்துரை நின்றார். தாடியைத் தடவினார். தாடிக்கு மேலே கன்னத்தில், சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பில் விரல் பட்டது. திரும்பித் தன் மேசைக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் காரையில் மூக்கோரத்துக் குழிகளை வைத்தார், பொடிப்பொடியாக, ஒன்று போல் ஒன்று இல்லாமல். சுண்ணாம்பு திரண்டு தடித்த இடங்களை வைத்தார். கொத்தனாரின் கரண்டி இழுத்த கீறல், சவரக் கீறல் அளவுக்குத்தான் ஆழம். போகிறவர் வருகிறவர் கை பட்டுப் பட்டு மினுமினுத்த இடம். ஈரம் காய்ந்த தடம். ஆணியைப் பிடுங்கி மறுபடி பூசிய ஓட்டை. எதுவும் பெரிதில்லை. எதையும் விரல் வைத்து, இதோ பார் என்று காட்ட முடியாது. ஒன்று கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிந்தாலும், மஞ்சள் சட்டை என்று முணுமுணுத்துக்கொண்டு அதை அமுக்கிவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டை மறந்தார். செல்லக்கனியின் போனையும் எடுக்கவில்லை. கோவில்பட்டியில் இத்தனை காலமாக எடுத்ததையெல்லாம் ஒரே பகலில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கடை திறந்த நாளில் கூட அனுபவித்ததில்லை. ஏதோ ஒரு நேரத்தில், தான் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருப்பதைக் கவனித்து வெட்கப்பட்டு நிறுத்தினார். பக்கத்து மேசைக்காரர், "பாடுங்க சார், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சாயங்காலம் தாஹிரா வந்தாள். கிட்டே நின்று பார்த்தாள். மறுகோடிக்குப் போய் நின்று பார்த்தாள். மறுபடி கிட்டே வந்தாள்.

"ஒட்டியாச்சா?"

"ஆச்சு."

"ஒட்டு எங்க இருக்கு?"

"என்னைக் கேட்டா? எனக்கே தெரியல டீச்சர்."

தாஹிரா தலையை ஆட்டினாள். நன்று என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை லூர்துநாதன் வந்தார். ஆள் நல்ல பருமன். பத்து மணி வெயிலிலும் கருநீலத்தில் புத்தம் புதிய கோட்டுப் போட்டிருந்தார். பெரிய திரைக்கு முன்னால் அவரை உட்கார வைத்துக் கையில் விளையாட்டுக் கருவியைக் கொடுத்தார்கள். கம்பெனியே அவருக்குப் பின்னால் நின்றது. அய்யாத்துரை எல்லாருக்கும் பின்னால், கதவோரமாக, கோவில்பட்டிப் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தபடி நின்றார்.

திருடன் கோட்டைக்குள் குதித்தான்.

"வாசல்ல கொடி ஜோராப் பறக்குது" என்றார் லூர்துநாதன்.

திருடன் கிணற்றைச் சுற்றிப் பதுங்கிப் போனான்.

"நாய் குலைக்கிற சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. குறைங்க. திருடனோட வேட்டி நிறம் பிரமாதம்."

காவல்காரன் பார்த்துவிட்டான். துரத்தினான். திருடன் சந்துக்குள் பாய்ந்தான். வெயிலில் சுவர் இரண்டு பக்கமும் ஓடியது. லூர்துநாதன் ஒன்றும் சொல்லவில்லை. சந்து வளைந்தது. வளைந்து ஒரே ஆள் போகிற அளவுக்குக் குறுகியது. லூர்துநாதன் நாற்காலியில் நெளிந்து வலது தோளை உள்ளே ஒடுக்கிக்கொண்டார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. திருடன் மறுபக்கம் வெளியே வந்தான். லூர்துநாதன் பெருமூச்சு விட்டுத் தோளைத் தளர்த்தினார்.

விளையாடி முடித்து எழுந்தார். "நல்லா வந்திருக்கு. இதே மாதிரி மேல செய்யுங்க" என்று எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

மேனேஜர் நேராக அய்யாத்துரையிடம் வந்தார். "துரை சார், திங்கட்கிழமை ஆபீஸ்ல உங்க ஐடி கார்டு வாங்கிக்குங்க. இனி கோட்டை முழுக்க உங்க பொறுப்பு." இட்லித் தட்டுக்குச் சிரித்தவர்கள் எல்லாம் ஓடி வந்து கட்டிப்பிடித்தார்கள். அய்யாத்துரை அங்கேயே நின்று செல்லக்கனிக்குப் போன் போட்டார். "எந்திரிச்சிருச்சு! ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே டயர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு தாஹிராவின் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. சிரிப்புக்கு அடியில் ஏதோ உறுத்தலும் இருந்தது.

"வேல கெடச்சிருச்சு டீச்சர்."

"ரொம்ப சந்தோஷம் அண்ணே."

"ஆனா..."

"சொல்லுங்க."

"கொடியச் சொன்னாரு. நாயச் சொன்னாரு. வேட்டியக் கூடச் சொன்னாரு. செவரப் பத்தி ஒரு வார்த்த சொல்லலையே அவரு?"

தாஹிரா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"சந்து குறுகுற எடத்துல அவர் என்ன பண்ணாரு? பாத்தீங்களா?"

"பாத்தேன். தோள ஒடுக்குனாரு. அந்தப் பக்கம் ஏசிக் காத்து அடிச்சிருக்கும்."

"ஏசி அந்தப் பக்கம் இல்லையே அண்ணே."

அய்யாத்துரை நிமிர்ந்து பார்த்தார். இல்லைதான்.

"பின்ன எதுக்கு ஒடுக்குனாரு?"

"புதுக் கோட்டு" என்றாள் தாஹிரா. "உங்க செவத்துச் சுண்ணாம்பு ஒட்டிக்கும்னு ஒதுங்குனாரு."